ரீடிங் போடுங்க அண்ணே

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு பி.எஸ்.4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வண்டியை விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் சொல்லிவிட்டது. பி.எஸ்.5 என்ற படியே கிடையாது, தாண்டி நேராக பி.எஸ்.6. வண்டிக் கம்பெனிகள் இன்ஜினை மாற்றின. ஷோரூம் சர்வீஸ் ஆட்களைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தன. தெருமுனைப் பட்டறைக்காரரிடம் மட்டும் யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை. கார்ப்ரேட்டர் போகப்போகிறது என்பதே அவருக்கு ஸ்பேர்ஸ் கடைக் கவுண்டரில் காதில் விழுந்த சேதிதான்.

திண்டுக்கல் பழனி சாலையில் இருக்கிறது அந்த டூவீலர் பட்டறை. நடத்துபவருக்கு வயது ஐம்பது தாண்டிவிட்டது. பத்தாவது முடிக்கவில்லை. யமஹா ஆர்.எக்ஸ். 100-ம் டி.வி.எஸ். 50-ம் ஓடிய காலத்தில் தொழிலுக்கு வந்தவர். பிளக்கைக் கழற்றி நுனியைப் பார்த்தால் அவருக்குப் போதும். கறுப்பாகப் புகை படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, வெளுத்திருந்தால் காற்று அதிகம், காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் ஒன்றையும் தொடாதே. ஏர் ஸ்க்ரூவை முழுக்க இறுக்கி, ஒன்றரைச் சுற்று திருப்பி, பிறகு காதை வைத்துக் கால் சுற்று முன்னே பின்னே. அவ்வளவுதான் டியூனிங்.

இந்த வித்தையை அவருக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. அந்தக் காலப் பட்டறையில் மாஸ்டர் சொல்லிக்கொடுக்க மாட்டார். பையன் மண்ணெண்ணெயில் செயின் கழுவுவான், பத்து பன்னிரண்டு ஸ்பேனர் எடுத்து நீட்டுவான், பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வான். டைமிங் வைக்கிற நேரம், போர் அளவு பார்க்கிற நேரம் என்று முக்கியமான வேலை வந்தால் மாஸ்டர் சில்லறையை நீட்டி டீ வாங்க அனுப்பிவிடுவார். தொழில் ரகசியத்தைக் காப்பாற்ற அவர்கள் கண்டுபிடித்த வழி அது. டீக்கடையிலிருந்து ஓடி வந்து கடைசிப் பாதியையாவது பார்த்த பையன்கள்தான் பின்னாளில் சொந்தப் பட்டறை போட்டார்கள். இவரும் அப்படி ஓடி வந்தவர்.

எஃப்.ஐ. வண்டி, அதாவது கார்ப்ரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர் வைத்த வண்டி, இந்தியாவுக்கு முற்றிலும் புதிதல்ல. 2006-லேயே ஹீரோ ஹோண்டா கிளாமரில் ஒரு எஃப்.ஐ. மாடல் வந்தது. ஆனால் சிற்றூர்ப் பட்டறைக்கு அதெல்லாம் வந்ததே இல்லை. 2020-ஐ ஒட்டித்தான் ஆக்டிவா, ஜூபிடர், ஸ்ப்ளெண்டர் என்று தினசரிச் சோறு போடுகிற வண்டிகள் எல்லாம் மாறின. மாறிய வண்டிகளும் உடனே வரவில்லை. ஊரடங்கு முடிந்து, இலவச சர்வீஸ் தீர்ந்து, வாரண்டி தீர்ந்து, ஷோரூம் பில்லைப் பார்த்து மனம் கசந்தபின்தான் வாடிக்கையாளர் பழைய பட்டறையைத் தேடி வருவார். அப்படி வந்த வண்டிகளில் கழற்றிக் கழுவ ஸ்லோ ஜெட் இல்லை, திருப்ப ஏர் ஸ்க்ரூ இல்லை. டேங்குக்குள் ஒரு மின்சாரப் பம்பு இருந்தது, சாவி போட்டால் இரண்டு விநாடி முனகியது. மீட்டரில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு லைட் எரிந்தது. காதை வைத்துக் கேட்டுச் சொல்வதற்கு அதில் ஒன்றுமில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு டிவி மெக்கானிக் இருந்தார். பிக்சர் டியூப் டிவிகள் போனதோடு அவர் தொழிலும் பெரும்பாலும் போய்விட்டது. மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு என்று ஏதோ ஓட்டிக்கொண்டிருந்தார். பட்டறைக்காரரிடம் மல்டிமீட்டர் இருந்தது. பேட்டரி 12 வோல்ட் இருக்கிறதா, பல்பு ஒயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்க மட்டும். அதை வைத்து இன்னும் என்ன செய்யலாம் என்று அவர் போய்க் கேட்ட முதல் ஆள் இந்த டிவிக்காரர்தான். சென்சார் ஒன்றில் மூன்று ஒயர் இருந்தால் ஒன்று 5 வோல்ட் சப்ளை, ஒன்று கிரௌண்ட், மூன்றாவது சிக்னல். த்ராட்டிலைத் திருகினால் அந்த மூன்றாவதில் வோல்டேஜ் மெல்ல ஏற வேண்டும், நடுவில் குதிக்கக் கூடாது. ஒயரைக் கத்தியால் சீவாதே, கப்லரின் (ஒயர் இணைப்பின்) பின்பக்கமாகத் தையல் ஊசியை நுழைத்து அதில் மீட்டரை வை. டிவிக்காரருக்கு பைக் ஓட்டக்கூடத் தெரியாது. ஆனாலும் எஃப்.ஐ. பாடத்தின் முதல் அத்தியாயம் அவரிடமிருந்துதான் வந்தது.

வயது வந்தோர் கல்வி என்றால் நம் ஊரில் அறிவொளி இயக்கம்தான் நினைவுக்கு வரும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்ற கதை பலருக்கும் தெரியும். தொழில் தெரிந்த ஒருவர் ஐம்பது வயதில் அதே தொழிலைப் புதிதாகக் கற்பதும் வயது வந்தோர் கல்விதான் என்பது அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை. கனடாவின் ஆலன் டஃப் 1971-ல் இதைத்தான் எழுதினார்: பெரியவர்கள் ஆண்டு முழுவதும் எதையாவது கற்றுக்கொண்டே இருக்கிறார்கள், அதில் பெரும்பகுதிக்கு வகுப்பும் கிடையாது, வாத்தியாரும் கிடையாது. அமெரிக்காவின் மால்கம் நோல்ஸ் சொன்னது இன்னொன்று. பெரியவர்களுக்கு இன்றைக்குத் தீர்க்க வேண்டிய ஒரு சிக்கல் கையில் இருந்தால்தான் பாடம் ஏறும். பட்டறை வாசலில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும் வண்டியை விடக் கையில் இருக்கிற சிக்கல் வேறென்ன வேண்டும்?

வகுப்புகள் இல்லாமல் இல்லை. வாகனத் துறைக்கென்று திறன் மேம்பாட்டுக் குழுமம் இருக்கிறது. மத்திய அரசின் கௌசல் விகாஸ் திட்டத்தில், ஏற்கெனவே தொழில் தெரிந்தவரைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடும் உண்டு. அந்தச் சான்றிதழ் அவருக்குத் தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லும், தெரியாததைச் சொல்லித்தராது. நீண்ட பயிற்சிக்குப் போனால் பட்டறை ஷட்டரை இறக்க வேண்டும். ஷட்டர் இறங்கிய வாரத்தில் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் பழகிவிடுவார். ஆகவே போகவில்லை.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் டேட்டா விலை இறங்கியது. பட்டறைப் பையன் முதல் முதலாளி வரை கையில் ஸ்மார்ட்போன். அந்த ஆண்டிலேயே வாட்ஸ்அப் குழுவில் 256 பேர் வரை சேரலாம் என்றானது. மெக்கானிக் குழுக்கள் முளைத்தன. முளைத்தவற்றில் முக்கால்வாசி உருப்படாதவை. விடிந்தால் முருகன் படத்தோடு காலை வணக்கம், மதியம் அரசியல், இரவு சினிமாத் துணுக்கு. நடுவில் யாராவது, ‘வண்டி மிஸ்ஸிங் ஆகுது, என்ன பண்ணலாம்?’ என்று ஒரு வரி போடுவார். ‘பிளக் மாத்துங்க’, ‘காயில் மாத்துங்க’, ‘பெட்ரோல் மாத்துங்க’ என்று பத்துப் பேர் பத்துச் சாமானைச் சொல்வார்கள். கேட்டவர் எதை மாற்றினார், சரியானதா என்று யாருக்கும் தெரியாமல் பேச்சு அடுத்த மீம்ஸுக்குள் புதைந்துவிடும்.

அவர் நிலைத்து நின்ற குழு வேறு மாதிரியானது. அட்மினாக இருந்தவர் ஐ.டி.ஐ. முடித்து ஷோரூமில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த இளைஞர். அவர் போட்ட சட்டங்கள் கறாரானவை. வணக்கம் சொல்லக் கூடாது, நன்றி சொல்லக் கூடாது. கேள்வி கேட்பவர் வண்டியின் மாடல், எந்த வருடம், எத்தனை கிலோமீட்டர், லைட் எரிகிறதா, என்ன கோளாறுக் கோடு (எண்), மீட்டரில் என்ன வோல்டேஜ், இதுவரை எதையெல்லாம் மாற்றியாயிற்று என்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் கேட்டால் வயது பார்க்காமல் ஒரே பதில் வரும்: ‘ரீடிங் போடுங்க அண்ணே.’ இன்னொரு சட்டம் இதைவிட முக்கியமானது. வண்டி சரியானதும் என்ன கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டவரே திரும்பி வந்து சொல்ல வேண்டும். சொல்லாதவரின் அடுத்த கேள்விக்கு யாரும் வாய் திறக்கக் கூடாது.

முதலில் பலருக்குக் கோபம் வந்தது. நேற்றுப் பிறந்த பையன் நமக்குச் சட்டம் போடுவதா என்று மூத்தவர்கள் சிலர் வெளியேறினார்கள். ஆனால் ரீடிங் கேட்டதால் ரீடிங் எடுக்கக் கற்றார்கள், எடுத்தவர்களில் பாதிப் பேருக்குக் கேள்வி கேட்கும் தேவையே இல்லாமல் போனது. மீட்டரில் எண்ணைப் பார்த்ததும் கோளாறு அவர்களுக்கே தெரிந்துவிட்டது. பதில் சொன்னவர்களை விட, இப்படிக் கேட்கச் சொன்னவர்தான் அந்தக் குழுவில் வாத்தியார் வேலை பார்த்தார் என்றே சொல்ல வேண்டும்.

ஒரு ஸ்கூட்டர் கதையைச் சொன்னால் விளங்கும். எஃப்.ஐ. லைட் எரிகிறது, சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிறது, பிக்கப் எடுத்தால் திக்கித் திக்கிப் போகிறது. லைட் சிமிட்டுவதை எண்ணிக் கோடு படிக்கும் முறை அதற்குள் அவருக்கு வந்துவிட்டது. சோதனைக் கப்லரில் இரண்டு ஒயரை இணைத்துச் சாவி போட்டால், நீண்ட சிமிட்டல் ஒன்றுக்குப் பத்து, குறுகிய சிமிட்டல் ஒன்றுக்கு ஒன்று என்று எண்ண வேண்டும். பல ஹோண்டா வண்டிகளில் எட்டு என்றால் த்ராட்டில் சென்சார், ஒன்பது என்றால் உள்ளே போகும் காற்றின் வெப்பச் சென்சார், நீளமாக இரண்டும் குறுகலாக ஒன்றும் வந்தால் சைலன்சர் பக்கத்து ஆக்ஸிஜன் சென்சார். கம்பெனிக்குக் கம்பெனி பட்டியல் மாறும். இந்த வண்டி சொன்னது த்ராட்டில் சென்சார். அது தனியாகக் கிடைக்காது, த்ராட்டில் பாடியோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும். விலை ஆயிரக்கணக்கில். ஷோரூமிலும் அதையே மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

குழுவில் போட்டார். சப்ளை 4.98 வோல்ட், சரி. த்ராட்டில் மூடியிருக்கும்போது சிக்னல் அரை வோல்ட் அக்கம்பக்கம் இருக்க வேண்டியது, 1.3-ல் நின்று ஆடுகிறது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது: ‘அண்ணாச்சி, த்ராட்டில் பாடிய மாத்துறதுக்கு முன்னால கிரௌண்டு ஒயரப் பாத்தியளா? பேட்டரி நெகட்டிவ்ல ஒரு முனை, சென்சார் கிரௌண்டுல ஒரு முனை வச்சிப் பாருங்க. சைபர்தான் காட்டணும்.’ வைத்துப் பார்த்தார். 0.7 வோல்ட் காட்டியது. அந்த ஒயரின் வழியே கையை ஓட்டிக்கொண்டு போனால், ஃபுட்போர்டுக்கு அடியில் ஒரு கப்லர். பிரித்ததும் உள்ளே பச்சை பூத்திருந்தது. வாட்டர் வாஷ் தண்ணீர் போய்த் தங்கியிருக்கிறது. ரப்பர் சீல் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. காண்டாக்ட் கிளீனர் அடித்து, பின்னைத் தேய்த்து, சீலை நேராக்கி மாட்டியதும் சிக்னல் 0.5-க்கு வந்தது. லைட் அணைந்தது. சென்சார் பொய் சொல்லவில்லை, கிரௌண்ட் கெட்டதால் அதன் வோல்டேஜே உயர்ந்து தெரிந்திருக்கிறது. கோடு காட்டுவது கோளாறு தெரிகிற இடத்தை. கோளாறு இருக்கிற இடம் வேறாக இருக்கலாம்.

தூத்துக்குடிக்காரரை அவர் நேரில் பார்த்ததே இல்லை.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. அதே பழனி சாலையில் நாலைந்து பட்டறைகள் உண்டு. அவற்றை நடத்துபவர்களில் இரண்டு பேர் இவரோடு ஒரே மாஸ்டரிடம் வேலை கற்றவர்கள், கல்யாணம் காதுகுத்துக்கு மொய் எழுதுகிறவர்கள். அவர்களிடமிருந்து எஃப்.ஐ. பற்றி ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கிடைக்காது என்பதும் நியாயம்தான். தெருவில் ஒருவருக்குத் தெரிந்தால் மற்றவரின் வண்டி குறையும். தூத்துக்குடிக்காரருக்கு அந்தக் கவலை இல்லை. திண்டுக்கல் வண்டி அவர் பட்டறைக்கு வரப்போவதில்லை. போதாததற்கு, நெருங்கிய நண்பர்கள் ஒரே இடத்தில் ஒரே வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள், ஒருவருக்குத் தெரியாதது மற்றவருக்கும் தெரியாது. உப்புக்காற்றில் கப்லர் பச்சை பூப்பது கடற்கரை ஊர்க்காரருக்கு அன்றாடம். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் எழுதிய கட்டுரை இதைப் பற்றித்தான்: புதுச் சேதியும் புது வேலையும் நெருங்கிய நண்பரை விட அரைகுறைப் பழக்கக்காரர் வழியாகத்தான் அதிகம் வருகின்றன. அவர் பார்த்தது வேலை தேடிய அமெரிக்கர்களை. ஸ்பேனர் பிடிப்பவர்களுக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

மெக்கானிக்குகள் கதை சொல்லிக் கற்பதும் புதிதல்ல. ஜெராக்ஸ் கம்பெனியின் நகல் இயந்திரம் பழுதுபார்க்கும் ஆட்களை ஜூலியன் ஆர் என்ற மானிடவியலாளர் எண்பதுகளில் கூடவே சுற்றிக் கவனித்தார். அவரும் ஒரு காலத்தில் டெக்னீஷியன். கம்பெனி கொடுத்த தடிப் புத்தகத்தில் இல்லாத கோளாறுகளை அவர்கள் காலைச் சிற்றுண்டி மேசையில் ஒருவருக்கொருவர் கதையாகச் சொல்லித் தீர்த்தார்கள். பின்னர் அந்தக் குறிப்புகளைச் சேர்க்க யுரேகா என்ற கணினி ஏற்பாட்டை கம்பெனியே செய்தது. ஒருவர் எழுதும் குறிப்பை அனுபவசாலிகள் சரிபார்ப்பார்கள், ஏற்றபின் எழுதியவர் பெயரோடு அது எல்லோருக்கும் போகும். பெயரும் சரிபார்ப்பும் இருந்ததால் அது நின்றது. நம் குழுக்களில் பெரும்பாலும் இல்லாதவை இவை இரண்டும்தான்.

யூடியூபுக்கு அவர் வேறு கணக்கு வைத்திருக்கிறார். தலைப்பில் ‘ஒரே நிமிடத்தில்’ என்று இருந்தால் திறப்பதில்லை. மீட்டரை வைத்து எண்ணைக் காட்டாத வீடியோவைப் பாதியில் மூடிவிடுவார். சாவியை இப்படித் திருகி த்ராட்டிலை அப்படித் திருகினால் ஈ.சி.யூ. (இன்ஜினை ஆளும் கணினி) ரீசெட் ஆகிவிடும் என்கிற வித்தைகளைக் காதில் வாங்குவதில்லை. கோளாறு அப்படியே இருக்க, லைட்டை மட்டும் அணைப்பதில் என்ன இருக்கிறது? டெல்லி கரோல்பாக் பக்கத்து மெக்கானிக்குகளின் இந்தி வீடியோக்களைப் பார்ப்பார். இந்தி தெரியாது, கை போகிற இடம் தெரிகிறது. அவரே தேடிக் கண்டுபிடித்த சுரங்கம் தாய்லாந்து, இந்தோனேசியா வீடியோக்கள். அங்கே சிறிய ஸ்கூட்டர்கள் நமக்குப் பல ஆண்டு முன்பே எஃப்.ஐ.க்கு மாறிவிட்டன. நாம் இப்போது படும் பாட்டை அவர்கள் பட்டு முடித்து வீடியோவும் போட்டுவிட்டார்கள். வேகத்தைப் பாதியாகக் குறைத்து, ஒயர் நிறம் தெரியும் இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்வார். தாய் எழுத்தில் இருக்கும் வரைபடத்தை கூகுள் லென்ஸில் காட்டினால் அரைகுறைத் தமிழ் வரும். அரைகுறையே போதும், ஒயரிங் படத்தில் சொற்கள் குறைவுதானே.

தட்டச்சு அவருக்குக் கடைசிவரை வரவில்லை. விரலில் கிரீஸ் இருந்தால் திரை வேலை செய்யாது என்பது ஒரு காரணம். 2017-ல் கூகுள் தமிழில் குரல் தட்டச்சைக் கொடுத்தது அவரைப் போன்றவர்களுக்குப் பெரிய கதவு. குழுவில் பாதிக்கு மேல் குரல் பதிவுகள்தான். ஆனால் குரல் பதிவில் ஒரு வில்லங்கம் உண்டு: ஆறு மாதம் கழித்துத் தேட முடியாது. எழுத்தென்றால் மாடல் பெயரைப் போட்டுத் தேடி எடுத்துவிடலாம். பேச்சை எங்கே போய்த் தேடுவது?

அதற்கு அவர் மகள் ஒரு வழி செய்தார். பி.காம். படிக்கும் பெண். கூகுள் ஷீட்டில் ஐந்து கட்டம் போட்டுக் கொடுத்தார்: மாடல், கோடு, ரீடிங், கடைசியில் என்ன கோளாறு, யார் சொன்னது. இரவு பட்டறை மூடியபின் அப்பா சொல்லச் சொல்ல மகள் ஏற்றுவார், பிறகு அப்பாவே குரலில் ஏற்றப் பழகிக்கொண்டார். யார் சொன்னது என்ற கடைசிக் கட்டத்தைப் போடச் சொன்னவர் அப்பா. ஊர்ப்பெயரோடு இருக்க வேண்டும் என்பார். கொஞ்ச நாளில் அந்தக் கட்டத்தைப் பார்த்தே ஆளின் தரம் தெரிந்துவிட்டது. எந்த ஆளின் யோசனை ‘சரியானது’ என்று முடிகிறது, எந்த ஆள் எல்லாவற்றுக்கும் ஃப்யூவல் பம்பு மாற்றச் சொல்கிறார் என்பது தானே வெளியே வந்தது.

ஸ்கேனர் கதை தனி. காருக்கென்று வந்த ஈ.எல்.எம்.327 புளூடூத் கருவியின் மலிவு நகல்கள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. கனடாவில் அதன் மூல சிப்பைச் செய்த கம்பெனியே 2022-ல் மூடியாயிற்று, நகல்கள் மட்டும் ஓய்ந்தபாடில்லை. பைக்கில் பொருத்த ஆறு பின் அடாப்டர் ஒயர் வேண்டும். பொருத்தினாலும் எல்லா வண்டியும் பேசாது. வண்டி தன் கோளாறைத் தானே கண்டறிந்து சொல்ல வேண்டும் என்ற ஓ.பி.டி. விதியின் இரண்டாம் கட்டம் 2023 ஏப்ரலில் இருசக்கர வண்டிகளுக்கு வந்தபின் நிலைமை கொஞ்சம் தேவலை. பல கம்பெனி வண்டிகளைப் படிக்கும் நல்ல ஸ்கேனர் ஆயிரங்களில் விலை. குழுவில் பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து ஒன்றை வாங்கினார்கள். பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பி ஊர் ஊராக அது சுற்றியது. இந்த ஏற்பாடு நெடுநாள் ஓடவில்லை. தேவைப்படும்போது ஸ்கேனர் எப்போதும் வேறு ஊரில் இருந்தது; ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டார்கள்.

எல்லாம் போனில்தான் கற்றார் என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்பேர்ஸ் கடைக் கவுண்டர் இன்றும் அவருக்குப் பெரிய பள்ளிக்கூடம். எந்த மாடலின் எந்தச் சாமான் அதிகம் ஓடுகிறது என்பது கவுண்டரில் நிற்பவருக்கு விரல்நுனியில். ஒரு மாதத்தில் ஒரே மாடலுக்கு ஃப்யூவல் பம்பு ஏழெட்டுப் போனால் அது ஒரு சேதி. போனதில் பாதி ‘ஒத்துவரல’ என்று திரும்பி வந்தால் அதைவிடப் பெரிய சேதி. கோளாறு பம்பில் இல்லை என்று அர்த்தம். சென்னை புதுப்பேட்டைக்கும் ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக்கும் சாமான் எடுக்கப் போகிறவர்கள் இப்படிக் கவுண்டரில் பேசிக் கற்ற தலைமுறைதான். மொபைல் சர்வீஸ் கடைப் பையன் இன்னொரு வாத்தியார். நுண்ணோக்கியின் கீழ் வைத்து, மீட்டர் போர்டில் உடைந்த சால்டரை அவன் ஒட்டித் தரும்போது இவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். அவன் யாரையும் டீ வாங்க அனுப்புவதில்லை.

குழு கற்றுத்தர முடியாதவையும் உண்டு. வால்வு கிளியரன்ஸில் ஃபீலர் கேஜை இழுக்கும்போது விரலில் படும் லேசான பிடிப்பைக் குரல் பதிவில் சொல்ல முடியாது. பேரிங் போனதா செயின் போனதா என்று பிரித்துச் சொல்லும் காது இன்னும் பட்டறையில்தான் வளர்கிறது. பழைய அனுபவமும் வீண் போகவில்லை. புகையின் நிறம், பிளக்கின் நிறம், இன்ஜின் சூட்டின் வாசம் எல்லாம் எஃப்.ஐ. வண்டியிலும் அப்படியேதான் இருக்கின்றன. மீட்டர் எண் அதை உறுதிப்படுத்துகிறது. இளைஞர்களிடம் அவர் ரீடிங் எடுக்கக் கற்றார், அவர்கள் இவரிடம் இன்ஜின் பிரிக்கக் கற்றார்கள். குழுவில் இப்போது அதிகம் கேட்கப்படும் குரல்களில் அவருடையதும் ஒன்று.

மின் ஸ்கூட்டரில் மட்டும் அவர் கோடு கிழித்துவிட்டார். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் ஆலைகள் ஓடுகின்றன, வண்டிகள் பட்டறை வாசலுக்கு வந்துகொண்டேயிருக்கின்றன. பிரேக், டயர், சஸ்பென்ஷன் என்றால் செய்வார். பேட்டரி பாக்கைத் திறக்கச் சொன்னால் மாட்டார். லித்தியம் செல்களைக் குரல் பதிவு கேட்டுப் பிரிப்பது தற்கொலைக்குச் சமம் என்று குழுவிலும் சொல்லிவிட்டார். ஒயரைத் தவறாக இணைத்தால் எஃப்.ஐ. வண்டியில் ஃப்யூஸ் போகும், அதிகம் போனால் ஈ.சி.யூ. போகும். அங்கே தீப்பிடிக்கும். அதற்கு நேரில் வகுப்பு வேண்டும், கையுறை வேண்டும், பக்கத்தில் நின்று தடுக்கும் ஆள் வேண்டும். இது நியாயமான எல்லை.

இன்னொரு சங்கடத்தையும் மறைக்க வேண்டியதில்லை. டெலிகிராமில் சுற்றும் சர்வீஸ் மேனுவல்கள் கம்பெனிகளின் சொத்து, அனுமதியில்லாமல் பகிர்வது சட்டப்படி சரியல்ல. பட்டறைக்காரர்களுக்கும் அது தெரியும். காசு கொடுத்து வாங்கலாம் என்றால் பெரும்பாலான மாடல்களுக்கு விற்பவர் இல்லை. கார்களில் இந்த வழக்கு எப்போதோ நடந்தாயிற்று. உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கொடுக்காமல் அடைத்து வைத்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஒரு தளம் தொடங்கியது. வாகனத் துறையும் அதில் அடக்கம்.

ஓசூரில் வண்டி செய்யும் கம்பெனிகளும், ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் வண்டி செய்யும் கம்பெனிகளும் தமிழ்நாட்டிலேயே இருப்பவை. தங்கள் வண்டிகளின் கோடு பட்டியலையும் ஒயரிங் படத்தையும் சென்சார்களின் சரியான வோல்டேஜ் அளவையும் தமிழில் அச்சிட்டு, நியாயமான விலைக்கு எந்தப் பட்டறைக்காரரும் வாங்கும்படி விற்க வேண்டும். இலவசமாகக் கேட்கவில்லை, காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது.